வெள்ளைக்கொடி காட்டியவள்

"இந்தக் குவாரி வரைபடத்துல என் பேரையும் போடுங்க சார்" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். வேலை கொடுத்தவர்களிடம் அதை மட்டும் கேட்காதே என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இன்ஜினியர் மாயவன் சிரித்தார்.

"உம் பேரைக் கல்யாணப் பத்திரிகையில போட்டுக்கலாம், இசபெல்லா."

அரூர் பக்கத்துக் கல்குவாரி. எங்கள் குடும்பத்தில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். பள்ளத்துக்கு எதிர்மேட்டில், ஒரு கூடாரத்தில், லேசர் கருவியோடு நாள் முழுக்கத் தனியாக இருப்பேன். எதிரே பாறையில் அங்கங்கே சின்னக் கண்ணாடிகள் பதித்திருந்தோம். கருவி அனுப்பும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடும். கருவியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு புள்ளிக்கும் தூரமும் கோணமும் எடுத்துத் தாளில் குறித்தால், பாறையின் மேடுபள்ளம் அப்படியே எழுந்து நிற்கும். எழுப்பியவள் நான். படத்தின் கீழே மாயவன் கையெழுத்து. என்னைத் தேடித் திரும்பி வந்தது அந்த ஒளி ஒன்றுதான்.

தினமும் காலையில் அதே கண்ணாடிகளை மறுபடி அளப்பேன். தூரம் குறைந்தால் பாறை முன்னால் சாய்கிறது என்று பொருள். நான் வெள்ளைக்கொடி காட்டாமல் யாரும் இறங்க மாட்டார்கள்.

அன்று மேல்வரிசைக் கண்ணாடிகள் விரற்கடை அளவு நெருங்கியிருந்தன. மறுபடி பார்த்தேன். அதே அளவு. கூடாரத்துக்கு வெளியே மாயவன், "நான் வரைஞ்ச படம்" என்று குவாரி முதலாளிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கல்லுடைக்கிற பச்சியப்பன் அண்ணன் கடப்பாரையோடு நின்றார்.

"லைட்டு என்னம்மா சொல்லுது? எறங்கலாமா?" என்றார் மாயவன்.

"எறங்கலாங்க சார்."

கொடியைக் காட்டினேன். மூவரும் இறங்கினார்கள்.

பாறை தானாகச் சரிந்தது, விபத்து என்று உங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். தானாகத்தான் சரிந்தது. நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் நாலு பேரும் இன்று சோறு தின்பார்கள். கோபத்தில் செய்தாயா என்கிறீர்கள். கோபக்காரி கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டா கிளம்புவாள்?

நான் கிளம்பியபோது பாறை இன்னும் சரியவில்லை. ஒற்றையடிப் பாதையில் பச்சியப்பன் அண்ணன் மனைவி பெரியம்மாள் தூக்குப்போசியோடு எதிரே வந்தார். வீட்டுக்காரர் கீழே பள்ளத்தில்தான் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இருக்காருங்கக்கா. களி ஆறிடப்போவுது, போங்க."

தடுத்தால் ஏன் என்று கேட்டிருப்பார். பதில் சொல்ல நின்றால் பஸ் போய்விடும். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நல்ல மனுஷி. பாதை குறுகல் என்பதால் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன். அப்புறம் சாலைக்கு நடந்தேன்.