தியேட்டர் வாசலில் கொத்தமல்லி

கொத்தமல்லியை வறுக்காமல் அவிப்பவர்களை நான் மதிப்பதில்லை. இளஞ்சூட்டில் வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டும் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு வந்திருக்கும் ஐயா கேட்டது இதை அல்ல என்று தெரிகிறது. ஆனாலும் இங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

பெயர் யோகேந்திரன். மாத்தளை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு ஓவர்சியராக இருந்தேன். தள்ளுகட்டில் தள்ளுகிறவர்களும் தரை துடைக்கிறவர்களும் என் சொல் கேட்பார்கள். டாக்டர்மாரும் கேட்பார்கள், கேட்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

கொரோனா வந்ததும் பிரிவை மறுசீரமைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பெரியவர்கள் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கூட்டம் போட்டார்கள். பாதி நேரம் ஒருவருக்கொருவர் காது கேட்கவில்லை. மீதி நேரம் கேட்டது. அதில் அதிக லாபம் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் தரை முழுக்க அம்புக்குறி ஒட்டினார்கள். வஹகோட்டையிலிருந்து குடலிறக்கத்துக்கு வந்த ஒருவர், அந்த அம்புகளை நம்பி நடந்து வெளி கேட்டுக்கே வந்து சேர்ந்தார். எல்லாம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று பஸ் ஏறிப் போய், கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டார். எங்கள் பிரிவில் அந்த மாதம் குணமானவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

உருப்படியான மாற்றம் ஒன்று உண்டு. இரண்டு ஒப்பரேஷன் தியேட்டரில் ஒன்றை மூடி, மற்றதைக் காலையில் சாதாரண நோயாளருக்கும் மத்தியானத்துக்குப் பிறகு கொரோனாக்காரருக்கும் என்று பிரித்தார்கள். காலையில் தவறியவர் கட்டிலைக் காலி செய்துகொண்டு வீட்டுக்குப் போய், அடுத்த வாரம் வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு காலையும் ஒருவர் கூடுதலாக இருப்பார். அந்த ஒருவரிடம் போய், "உங்களுக்கு இன்றைக்கு இல்லை" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒப்பரேஷன் செய்கிற நிரஞ்சன் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "யோகேந்திரன், இன்னைக்கு ஒரு ஆள் கூடவா இருக்கே" என்பார். பிறகு ஜன்னல் வழியாக மாமரத்தைப் பார்ப்பார். நான் வெளியே போகும்வரை மாமரத்தைத்தான் பார்ப்பார்.

வார்டு வாசலில் ஊழியர்களுக்கென்று ஒரு பெரிய பானையில் கொத்தமல்லி அவித்து வைத்திருந்தோம். அந்த நாட்களில் நாடே அதைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒப்பரேஷனுக்கு முன்னால் சாப்பாடு, தேத்தண்ணி, வெறும் தண்ணி எதுவும் கூடாது என்று தாதி றுக்ஸானா மிஸ் கட்டில் கட்டிலாகச் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கொத்தமல்லி என்பது சாப்பாடும் அல்ல, தேத்தண்ணியும் அல்ல, மருந்து. அதுவும் ஆஸ்பத்திரி உடுப்பு போட்ட ஒருவன் கையில் வைத்துக் கொடுத்தால், வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு. ஆகவே குடிப்பார்கள். நான் றுக்ஸானா மிஸ்ஸிடம், "அந்தக் கட்டில்காரர் பானையில எடுத்துக் குடிச்சிட்டாரு மிஸ்" என்பேன். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து டாக்டர் தொடமாட்டார். நோயாளி திட்டு வாங்கிக்கொண்டு, தன் தவறுக்குத் தானே வெட்கப்பட்டுக்கொண்டு போய்விடுவார். ஊற்றிக் கொடுத்த கையை ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஜனங்கள்.

மேலிடத்திலிருந்து பார்க்க வந்தவர், இங்கே ஒரு நோயாளியைக்கூடத் திருப்பி அனுப்பவில்லையே என்று மெச்சினார். நிரஞ்சன் டாக்டர் அடக்கமாகச் சிரித்தார்.

யாருக்குக் கோப்பை கொடுப்பது என்று கேட்பீர்கள். யாருக்காக டெலிபோன் வரவில்லையோ அவருக்கு. இதைவிட நேர்மையான வழி அந்தக் கூட்டங்களில் ஒன்றிலும் வரவில்லை.

சிவசாமிக்கு ஒருநாளும் டெலிபோன் வந்ததில்லை. கலேவெலவில் மரக்கறிக் கடையில் மூட்டை இறக்குகிறவர். இரத்தத்தில் சீனி வருத்தம், கால் விரல் கறுத்துவிட்டது. ஊரடங்கில் பஸ் இல்லாததால் மரக்கறி லொறியில் பூசணிக்காய்களுக்கு நடுவே உட்கார்ந்து வருவார், மனைவி அழகாயியோடு. முதல் தடவை கோப்பையை நீட்டினேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் ஐயா" என்று வாங்கிக் குடித்தார். அடுத்த வாரமும் குடித்தார். கருப்பட்டித் துண்டை மட்டும் அழகாயியிடம் கொடுத்து, "நீ கடி, எனக்குத்தான் சீனியாச்சே" என்றார்.

மூன்றாவது தடவை வந்தபோது கறுப்பு பாதத்துக்கு ஏறியிருந்தது. நிரஞ்சன் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, அன்றைக்கு மாமரத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"இவர இன்னைக்குச் செஞ்சே ஆகணும். இன்னும் ஒரு வாரம் தாங்காது. விளங்குதா?"

விளங்கியது. ஆனால் முந்தின நாள் சீகிரியாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் டெலிபோன் எடுத்திருந்தார். அவருக்கு மூல வியாதி. வெள்ளைக்காரர் வராத காலத்திலேயே அதை முடித்துக்கொள்ள வேண்டுமாம். அவர் டாக்டருக்கு எடுக்கவில்லை. எனக்கு எடுத்தார். "யோகேந்திரன் சேர்" என்றார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் என்னை அப்படி அழைத்தவர் வேறு யாரும் இல்லை என்பதை ஐயா எழுதிக்கொள்ளலாம்.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் சிவசாமியிடம் கோப்பையை நீட்டினேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாங்க ஐயா. ரெண்டு தடவையும் இதனாலதான் தள்ளிப்போச்சு. கோவிச்சுக்காதீங்க."

"கொரோனாவுக்கு நல்லது."

"காலு போன பொறகு கொரோனா வந்தா என்னாங்க, வராட்டி என்னாங்க" என்று சிரித்தார். குடிக்கவில்லை.

நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு றுக்ஸானா மிஸ்ஸிடம் போனேன். "சிவசாமி இன்னைக்கும் குடிச்சிட்டாரு மிஸ்" என்றேன்.

மிஸ் கோபத்தோடு வந்தார். "மூணாவது தடவ! உங்களுக்கு உசுரு மேல ஆசையே இல்லையா?"

"சத்தியமா குடிக்கல மிஸ். நாக்கு நனையல" என்றார் சிவசாமி. அழகாயி குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாற்போல அவர் தலையில் கை வைத்தாள். இரண்டு தடவை குடித்தவனை மூன்றாம் தடவை யார் நம்புவார்கள்? அப்போது சிவசாமி என் பக்கம் திரும்பினார்.

"ஐயா பக்கத்துலதானே நின்னீங்க. நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"செஞ்சத ஒத்துக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க சிவசாமி" என்றேன்.

நிரஞ்சன் டாக்டர் அதற்குள் தியேட்டருக்குள் போயிருந்தார், மத்தியானத்துக்குப் பிறகோ அது கொரோனாக்காரருக்கு. மயக்க மருந்து டாக்டர் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். சீகிரியாக்காரர் உள்ளே போனார். சிவசாமி லொறியில் திரும்பிப் போனார். விஷம் இரத்தத்தில் ஏறி, அடுத்த வாரம் வருவதற்குள் முடிந்துவிட்டது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அவர் குடிக்கவில்லை, குடித்தார் என்று சொன்னவன் நான்தான்.

ஒரே ஒரு வருத்தம் உண்டு, அதையும் பதிந்துகொள்ளுங்கள். அந்தக் காலம் முழுக்க, குடித்தவர்களைத்தான் குடித்தார்கள் என்று சொன்னேன். பொய் என்று ஒன்று என் வாயில் வந்ததில்லை. மரியாதையாக வாங்கி ஒரு வாய் குடித்திருக்கலாம். என்னைப் பொய்யனாக்கிவிட்டுப் போனார் அந்த மனுஷன்.