பல்பு

நிக்காதீங்க அத்தான், உக்காருங்க. நாற்காலில சேறெல்லாம் இல்ல. பங்கு பிரிச்சதுல சேத்து வயல்தான் எனக்கு வந்துச்சு, நாற்காலியையாவது சுத்தமா வச்சிருக்கேன்.

என்னது, வயலை மாத்திக்கலாமா? அடேங்கப்பா! உங்க தம்பி கண்ணை மூடுன கையோட பங்கு பிரிச்சீங்களே, அப்ப எங்க போச்சு இந்தப் பாசம்? சாயப்பட்டறைத் தண்ணி வந்து தேங்குற பள்ளத்து வயல் எனக்கு, மேட்டு வயல் உங்களுக்கு. ஒத்தைப் பொம்பளை, மேட்டுக்குத் தண்ணி ஏத்தக் கஷ்டப்படுவான்னு சொன்னீங்க. அந்த அக்கறையை நினைச்சா இன்னிக்கும் புல்லரிக்குது.

சேச்சே, கோவமெல்லாம் இல்ல. கோவமா இருந்தா கதவையே திறந்திருக்க மாட்டேன்.

ஆராய்ச்சிக்காரப் பொண்ணு வந்து என் வயல் சேத்துல கரித்தகடு புதைச்சு, தண்ணி மேல இன்னொரு தகட்டை மிதக்கவிட்டு, ரெண்டுக்கும் நடுவுல ஒயர் இழுத்து, கடுகாட்டம் ஒரு பல்பு மாட்டுனாளே, அப்ப வரப்புல நின்னு சிரிச்சது யாரு? தம்பி பொண்டாட்டிக்கு மூளை கலங்கிடுச்சு, தவளைக்கு லைட்டு போடுறான்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? அப்புறம், என் நெல்லுல சாயத்தண்ணி நஞ்சு குறைஞ்சிடுச்சுன்னு கேள்விப்பட்டதும், மோட்டார் ரூம்லேர்ந்து கரண்ட் இழுத்து வயல் பூரா சீரியல் லைட்டு தொங்கவிட்ட மகராசன் யாரு?

ஐயோ அத்தான், பல்பா நஞ்சை எடுக்குது? சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. அது விடுற கரண்டு அந்தத் தகடு வழியா, ஒயர் வழியா மேல போயிட்டே இருந்தா, நஞ்சு நெல்லு வேருக்குப் போறது குறையுது. பல்பு எரிஞ்சா கிருமி வேலை செய்யுதுன்னு அர்த்தம், அம்புட்டுதான். நீங்க பல்பை மட்டும் பாத்தீங்க, பல்பு வாங்கிட்டீங்க. அந்த வெளிச்சத்துக்கு வந்த பூச்சிதான் உங்க பயிர்ல பந்தி போட்டுத் தின்னுட்டுப் போச்சு.

சிரிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க?

மாத்தித் தர முடியாது, சொல்லிட்டேன். வேணும்னா அந்தப் பொண்ணுகிட்ட பேசுறேன், உங்க வயல்லயும் தகடு புதைக்கட்டும். தண்ணி வத்தாம பாத்துக்கணும், பொறுமை வேணும். உங்களுக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம்... சரி, விடுங்க.

கிளம்பிட்டீங்களா? கதவுக்குப் பின்னாடி ஒரு மூட்டை அரிசி இருக்கு, எடுத்துட்டுப் போங்க. என் வயல் அரிசிதான்.

எதுக்கா? ஒப்பிட்டுப் பாக்கணும்னு அந்தப் பொண்ணு பக்கத்து வயல் நெல்லையும் சோதிச்சா. பக்கத்து வயல்னா உங்களுதுதான். மேடென்ன பள்ளமென்ன, வாய்க்கா ஒண்ணுதான? தகடு போடுறதுக்கு முன்னாடி என் நெல்லுல இருந்த அதே நஞ்சு, துளி குறையாம இருக்கு.

நீங்க வேணா உங்க மேட்டு வயல்ல மிஞ்சுன அரிசியவே பெருமையா தின்னுங்க. உங்க வீட்டுல நம்ம பொண்ணு மாசமா வந்து உக்காந்திருக்கா அத்தான். அவ சோத்துக்கு மட்டும் இதைப் போடுங்க.