மாதேஷ் வேனின் ஸ்டார்ட்டிங் டிரபுள்

விடிகாலை மூன்றே முக்கால். பாப்பாரப்பட்டி தாண்டித் தர்மபுரி போகிற ரோடு. ஒரு விளக்கு கிடையாது... இரண்டு பக்கமும் ராகி அறுத்த வெறும் கொல்லை.

மாதேஷ், நம்ம ஆபீஸ் எழிலரசியின் பெரியம்மா மகன். பொய் சொல்லத் தெரியாத ஆள். அவர் பெண்டாட்டி சுகுணாவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை, காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் படுத்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் மூச்சு முட்டும். கூட்டிப்போக இருப்பது பதினெட்டு வருஷத்து டீசல் வேன். அதற்கும் வந்தது பாருங்கள், ஒரு வியாதி.

சில நாள் சாவியைத் திருப்பினால் சமர்த்தாகக் கிளம்பும். சில நாள் 'டக்'... அவ்வளவுதான். மெக்கானிக் மாரியப்பன் பேட்டரியை மாற்றினார், எர்த் வயரை மாற்றினார். பட்டறையில் நூறு தடவை திருப்பினாலும் எடுக்கும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளை மாதிரி.

"இன்ஜினைக் கிளப்புற செல்ஃப் மோட்டார்ல கார்பன் தேஞ்சிருக்குதுங்க. சாமான் வர ஒரு வாரம் ஆவும்" என்றார் மாரியப்பன். "அதுவரைக்கும் வழியில ஆஃப் பண்ணிராதீங்க. நின்னுட்டா, ஒருத்தர் அடியில படுத்து மோட்டாரைத் தட்டணும், அதே நேரம் மேல ஒருத்தர் சாவி திருப்பணும். தனி ஆளால ஆவாதுங்க."

அன்றைக்குப் பாதி வழியில் சுகுணாவுக்குக் குமட்டியது. ஓரம் கட்டினார். பத்து மாத அலைச்சல், தூக்கம் செத்த கண்... கை தன் பழக்கத்துக்கு இன்ஜினை அணைத்துவிட்டது. அணைத்த பிறகுதான் உறைத்தது.

அவள் வாந்தியெடுத்துவிட்டுப் பின் சீட்டில் சுருண்டுகொண்டாள். சாவியைத் திருப்பினார். டக். மறுபடியும்... டக். மாரியப்பன் போனை எடுக்கவில்லை. கால் மணி நேரமாக ஒரு வண்டி வரவில்லை. அவளுக்கோ எழுந்து உட்காரத் தெம்பில்லை. மாதேஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழி தெரியாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டு, ஸ்பேனரோடு அடியில் நுழைந்து படுத்தார். தட்டினார். ணங்... ணங்... பட்டறையில் மாரியப்பன் சொல்லிக் கேட்டுப் பழகிய வாய், மேலே சாவி திருப்ப ஆள் இல்லை என்பதை மறந்து சொல்லிவிட்டது:

"ம்... செல்ஃப் அடிப்பா!"

சர்ரென்று செல்ஃப் சுற்றியது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலே டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது... யாரோ சாய்ந்து உட்கார்கிற மாதிரி.

எழுந்து பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. சுகுணா பின்னால் போர்வைக்குள். வயர் ஷார்ட் ஆகித் தானாகச் சுற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பயப்படவும் தெம்பு வேண்டுமே. ஏறி உட்கார்ந்தால் சீட் சில்லென்று ஈரம்... பாழுங்கிணற்றுத் தண்ணீர் வாடை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊசி ஏறியது. மெஷின் ஓடியது. சுகுணா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகிறது.

"ஏங்க, அடியில படுத்துத் தட்டினாரே, அவரை அங்கயே உட்டுட்டு வந்துட்டமே?"

"எவரைச் சொல்றே?" என்றார் மாதேஷ்.

"நீங்கதான் முன்னால உக்காந்து சாவி திருப்பினீங்களே... என்னைத் திரும்பிப் பாத்து, 'இன்னும் மூணு தடவைதான் சுகுணா, அப்புறம் அலைய வேண்டாம்'னு சொன்னீங்களே. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுங்களா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. "ஆமாம்மா" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு தடவை போய் வந்துவிட்டார்கள். நாளை விடிந்தால் மூன்றாவது. அந்த வண்டியே வேண்டாம் என்று, நாளைக்கு வேறு கார் சொல்லிவிட்டார் மாதேஷ். சாயங்காலம் வேனின் பேட்டரியையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் முன்னால் எழிலரசி, மாதேஷ் வீட்டிலிருந்து போன் பண்ணினாள். அவள் குரலே சரியில்லை...

வேன் வாசலில் ஸ்டார்ட்டிங்கில் நிற்கிறதாம். சுகுணா நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஏறி உட்கார்ந்துவிட்டாளாம்.