ஹட்யாய்க்குப் போனது என் பாஸ்போர்ட் மட்டும்

பெயர்: நல்லம்மாள், காலஞ்சென்ற பழனியப்பன் மனைவி. வயது: ஐம்பத்து நான்கு. படிப்பு: மூன்றாம் வகுப்பு. தொழில்: காட்டு வேலை. குடியுரிமை: இந்தியா. சொந்த முகவரி: குன்னம், பெரம்பலூர் மாவட்டம், தமிழ்நாடு. இங்கே தங்கியிருக்கும் முகவரி: சம்பந்தி கோபாலன் வீடு, பண்டமாரான், கிள்ளான், மலேசியா. வாக்குமூலம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் காவல் நிலையத்தில் தமிழில் சொல்லப்பட்டு, சார்ஜன் தம்புசாமியால் தமிழிலேயே எழுதப்பட்டது.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்று சொன்னேன். நின்றுகொண்டே சொல்லலாம் என்று சார்ஜன் அனுமதித்தார். அதன்படி நின்றுகொண்டும், நடுவில் அறைக்குள் நடந்துகொண்டும் சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகன், பெயர் முகுந்தன். ஐந்து வருடம் முன்னால் இந்த நாட்டுக்கு வந்து போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். போன வருடம் பண்டமாரான் கோபாலன் மகள் புனிதாவைக் கல்யாணம் செய்தான். அப்போது என்னிடம் பாஸ்போர்ட் இல்லாததால் கல்யாணத்தை ஃபோனில்தான் பார்த்தேன். அதன் பிறகு மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், பிரசவத்துக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லி மகன்தான் எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க வைத்தான். பிரசவத்துக்கு வரவேண்டியவள் அதற்கு வெகு முன்னாலேயே வரவேண்டியதாகிவிட்டது. மழையில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, துறைமுக ரோட்டில் ஒரு லோரி இடித்து, என் மகன் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று சம்பந்தி கூப்பிட்டுச் சொன்னார்.

அதன் பிறகு நான் திருச்சியில் விமானம் ஏறி வந்தேன். வருகிறவர்கள் ஃபோனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண் நிரப்பிக் கொடுத்தாள். இந்தியாக்காரர்களுக்கு இப்போது விசா கேட்பதில்லை, சுற்றிப் பார்க்க முப்பது நாள் விடுவார்கள் என்று அவள் சொன்னாள். இறங்கிய இடத்தில் கவுண்டரில் இருந்த அதிகாரி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. மகன் ஆஸ்பத்திரியில் குழாய்களோடு படுத்திருக்கும் படத்தை ஃபோனில் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். முத்திரையை இங்கே எல்லோரும் சாப்பு என்கிறார்கள்.

அதன் பிறகு சம்பந்தி என்னை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தீவிர சிகிச்சை வார்டில் மதியமும் சாயங்காலமும் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் நான் வெளியே வராந்தாவில் நடந்துகொண்டிருப்பேன். உட்கார்ந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று தோன்றும், எழுந்துவிடுவேன். அங்கே காவலுக்கு இருந்த தமிழ்ப் பையன், "அக்கா, நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் கோலாலம்பூர் போய்ச் சேந்திருப்பீங்க, கொஞ்சம் உக்காருங்க லா" என்பான். மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வருவாள், ஒரு ஓரமாக உட்காருவாள். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

முப்பது நாள் முடிய வந்தது. எல்லை தாண்டி தாய்லாந்துக்குப் போய் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்தால் புதிதாக முப்பது நாள் கிடைக்கும், இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சம்பந்திக்கு யாரோ சொன்னார்கள். அதன் பிறகு அவரும் நானும் பஸ்ஸில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹட்யாய் ஊருக்குப் போனோம். ஒரு ராத்திரி தங்கினோம். மறுநாள் திரும்பி வரும்போது இந்தப் பக்கத்து அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, நேற்றுத்தானே வெளியே போனீர்கள், ஏன் உடனே வருகிறீர்கள், ஊருக்குத் திரும்பிப் போக டிக்கெட் எங்கே என்று கேட்டார். சம்பந்தி மலாயில் விவரம் சொன்னார். அதிகாரி சாப்பு குத்திவிட்டு நிறைய நேரம் பேசினார். அவர் பேசியதை பஸ்ஸில் சம்பந்தி எனக்குச் சொன்னார்: "சம்பந்தியம்மா, வெளிய போயிட்டு வந்தா முப்பது நாள் கிடைக்கும்னு சட்டம் ஒண்ணும் இல்லயாம். ஒவ்வொரு வாட்டியும் உள்ள விடுறதும் விடாததும் அங்க உக்காந்திருக்கிற அதிகாரி முடிவாம். அடுத்த வாட்டி இப்படி வந்தா திருப்பி அனுப்பிருவேன்னு சொல்றாரு. இந்த விளையாட்டு இனிமே வேணாம்."

நாங்கள் வந்து சேர்ந்ததும் மருமகள் சொன்னாள், நான் இல்லாத அந்த ஒரு நாளில் என் மகன் வலது கைவிரலை அசைத்தான் என்று. மருமகள் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. அதன் பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அசையவில்லை.

இரண்டாவது மாதமும் முடிய வந்தது. எல்லைக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள், அந்தப் பக்கமே நிற்க வேண்டும். ஊருக்குப் போனாலும் உடனே வர முடியாது. போகாமல் இருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் கிடந்தவருடைய மனைவி ஒருத்தி, நம் நாட்டிலிருந்து வந்தவள், எனக்குப் பழக்கமாகியிருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் இருக்கிறார், நாம் போகாமலே சாப்பு வாங்கித் தருவார் என்று அவள்தான் சொன்னாள். அவள் பெயரைச் சார்ஜன் கேட்டார். சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். அவள் புருஷன் இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறார். நான் சொல்ல மறுத்ததையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு காலையில் அவளும் நானும் கிள்ளானில் ரயில் ஏறி வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியில் இருந்த குகன் என்பவரைப் பார்த்தோம். இன்று எனக்குக் காட்டிய போட்டோவில் இருப்பவர் அவர்தான். ஆள் போகாமல் சாப்பு மட்டும் எப்படி வரும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஆன்டி, ரூல் எல்லாம் பாஸ்போர்ட் புத்தகத்துக்குத்தான் லா, ஆளுக்கு இல்ல. புத்தகம் போகும், சாப்பு வாங்கும், வந்துரும். நீங்க மகன்கிட்டயே இருங்க" என்றார். முகத்தைப் பார்க்க மாட்டார்களா என்றேன். "இத்தன பேரு வராங்க, உங்க முகத்தயா தேடப் போறாங்க?" என்றார். மகனிடமே இருங்கள் என்று அவர் சொன்னதுதான் என் காதில் நின்றது. அவர் கேட்ட கூலியையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது தப்பு என்று தெரியுமா என்று சார்ஜன் கேட்டார். தப்பு என்று முழுதாகத் தெரியாது. சரி என்றும் நினைக்கவில்லை. சம்பந்தியிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதால் அவரிடம் கேட்கவில்லை. இதில் அவருக்கோ மருமகளுக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை.

பாஸ்போர்ட் என் கையில் இல்லாத அந்த நாட்களில் ஒன்றில், மதியம் உள்ளே விடும் நேரத்தில், என் மகன் இறந்துபோனான். அன்று மருமகளுக்குக் கால் வீங்கியிருந்ததால் சம்பந்தி அவளைக் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். மெஷினில் எண்கள் இறங்கின. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். நர்ஸ் திரையை இழுத்து விட்டாள், மகனிடம் பேசு என்று கையால் காட்டினாள். அவள் மலாய்ப் பெண், பெயர் தெரியாது. பால் வேண்டும் என்று கேட்டேன். இங்கே பாலுக்கு சூசு என்று சொல்வதை அதற்குள் தெரிந்துவைத்திருந்தேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. பஞ்சைத் தொட்டு, மகன் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். அதன் பிறகு அவள் போய், அவளுடைய சாப்பாட்டுப் பையில் இருந்த பால் டப்பாவைக் கொண்டுவந்து, உறிஞ்சும் குழாயைக் குத்தித் திறந்து கொடுத்தாள். பஞ்சில் நனைத்து அவன் உதட்டில் மூன்று தரம் வைத்தேன். கடைவாயில் வழிந்ததை என் சேலையால் துடைத்தேன். அதன் பிறகு மெஷினை நிறுத்தினார்கள்.

கிள்ளானிலேயே தகனம் செய்தோம். மருமகளின் தம்பி தனேஷ் கொள்ளி வைத்தான். கருமாதி அன்று மத்தியானம், வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குகனுடைய ஆள் ஒருவன் மோட்டாரில் வந்து வாசலில் நின்றபடியே பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். தனேஷ் அதை வாங்கிப் பார்த்து, "அத்தை, இதுல பார்த்தா மச்சான் எறந்த அன்னிக்கு நீங்க தாய்லாந்துல இருந்திருக்கீங்க" என்றான். அவன் இறந்ததற்கு முதல் நாள் நான் வெளியே போனதாகவும், மறுநாள் உள்ளே வந்ததாகவும் சாப்பு இருந்தது. மருமகள் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதன் பிறகு நான் ஊருக்குப் போய்விட்டு, பிரசவ நேரத்தில் திரும்பி வருவது என்று பேசி முடித்தோம். மருமகளுக்குத் தாய் இல்லை. பிள்ளையை முதலில் நான்தான் கையில் வாங்க வேண்டும் என்று என் மகன் சொல்லிக்கொண்டிருந்ததாக அவள் சொன்னாள்.

அதற்குள் குகன் பிடிபட்டு, என் பெயரும் அவரிடம் இருந்ததால் என்னைக் கூப்பிட்டீர்கள். இன்று காலை காரில் வரும்போது சம்பந்தி வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "கேட்டா போனேன்னு சொல்லிருங்க, சம்பந்தியம்மா. பஸ்ல போனேன், ஒரு ராத்திரி தங்குனேன், வந்தேன். மொத வாட்டி போனீங்கல்ல, அதையே சொல்லுங்க, பாதி பொய்கூட இல்ல. போகலன்னு சொன்னா உங்கள அனுப்பிருவாங்க, அப்புறம் இந்தப் பக்கம் வரவே விட மாட்டாங்க. பேரப்பிள்ளைய பார்க்க வேணாமா?" என்றார். வேண்டும் என்றேன். தனேஷும் அதையேதான் சொன்னான். பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த மருமகள், "சொல்லிருங்க அத்தை, எனக்காக" என்றாள். சரி என்று சொல்லிக்கொண்டுதான் படி ஏறினேன்.

சார்ஜன் பாஸ்போர்ட்டை விரித்து வைத்து அந்தத் தேதியைச் சொல்லி, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். ஹட்யாயில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது என் மகன் இறந்த தேதி. அவன் போகும்போது பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். நானும் ஹட்யாயில் இருந்தேன் என்று எழுதிக் கொடுத்தால், அவன் யாரும் இல்லாமல் போனான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகும். பால் வைத்தது யார் என்று பிறக்கப்போகிற பிள்ளை கேட்டால் யாரைச் சொல்வது? கிள்ளானில், மகன் பக்கத்தில் இருந்தேன், ஹட்யாய்க்குப் போனது பாஸ்போர்ட் மட்டும்தான் என்று சொன்னேன். பின்னால் நின்ற சம்பந்தி, "சார், அவங்க துக்கத்துல கலங்கிப் பேசுறாங்க, எழுதாதீங்க" என்றார். சார்ஜன் அவரை வெளியே இருக்கச் சொன்னார்.

அதன் பிறகு சார்ஜன் எனக்கு விளக்கினார். இதே குகனிடம் பாஸ்போர்ட் கொடுத்து இதுவரை வந்த எல்லோரும் நாங்களே போய் வந்தோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்வது நான் ஒருத்திதான். இப்படிச் சொன்னால் நாள் கடந்து தங்கியதற்கும், இந்தச் சாப்புக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அனுப்பிவிடுவார்கள், மறுபடி வர எத்தனை வருடம் ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். யோசித்துச் சொல்லுங்கள் அம்மா என்று தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அறைக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன். மகன் படுத்திருக்கும்போது என்னதான் செய்திருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். நாள் முடிவதற்கு முன்னால், டாக்டர் கடிதத்தோடு இமிகிரேசன் அலுவலகத்துக்குப் போய், இன்னும் கொஞ்ச நாள் இருக்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பார்களா தெரியாது, ஆனால் கேட்க வழி இருந்தது என்றார். அந்த டாக்டரை நான் தினமும் பார்த்தேன். கடிதம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

அதன் பிறகு மருமகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். உள்ளே விட்டார்கள். நான் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். "அப்ப புள்ளய யாரு வாங்குவா?" என்று கேட்டாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அன்று அவர் கண்ணைத் திறந்தாரா என்று கேட்டாள். இத்தனை நாளும் அவள் கேட்காதது அது. திறக்கவில்லை, முகம் அமைதியாக இருந்தது, கை சூடாக இருந்தது, அந்தக் கையை நான் விடவில்லை என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு வெளியே போனாள்.

இதைச் சார்ஜன் எனக்கு முதலிலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். மாற்ற ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி நான் சொன்னது. இதைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. சொல்லாதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

(ஒப்பம்) நல்லம்மாள்