ஓரகத்தியின் புதுப் போன்

தச்சநல்லூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் பொருமினாள்.

"எங்க வீட்டுல சட்னி அரைக்கக்கூட அனுமதி கேக்கணும்ட்டி."

"ஏன்?"

"ஓரகத்தி புதுப் போன் வாங்கிருக்கால்லா. வீட்டுல இருந்து அதுலதான் ஆபீஸ் வேலை பாக்கா. அவ பேசுனா மிக்ஸி ஓடக்கூடாது. அத்தை பைய நடந்துபோய் காப்பி குடுத்துட்டு வாராவ. நானும் பேட்டைக்கு வேலைக்குத்தான் போறேன். எனக்கு யாரு காப்பி தந்தா?"

"அவளுக்கு மீட்டிங் இருக்கும்லா?"

"நேத்து சன்னல் வழியா பாத்தேன். போன் சார்ஜ் இல்லாம கட்டில்ல கெடக்கு. இவ காப்பியைக் குடிச்சுக்கிட்டே சத்தமா, 'எஸ் சார், எஸ் சார்'ங்கா."

"அத்தைகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லுவனா? நானும் அதே போனை வாங்கப் போறேன்."