பத்து சிவப்பு, பத்து கறுப்பு

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதச் சொல்லி வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு, நீங்கள் போய் அந்தத் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தப்பாகத் தூக்குகிறீர்கள், சார். காலை நீட்டி வைத்துக்கொண்டு முதுகை வளைத்துக் குனிந்தீர்கள். இருபது லிட்டர்தானே என்று உங்களுக்குத் தோன்றும், முதுகெலும்புக்கு அப்படித் தோன்றாது. கேனைக் காலோடு ஒட்டி வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக்கி, வயிற்றில் மூச்சை அடக்கி, தரையைக் காலால் அமுக்குவதுபோல எழுந்திருக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் டெட்லிஃப்ட். இதில் வேறு மாயம் எதுவும் இல்லை.

என் பெயர் தேசப்பன். வயது நாற்பத்தாறு. புதுவாயல் கூட்டுரோட்டில் பஞ்சர் கடைக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் பதினோரு வருஷமாக ஜிம் நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகள். வந்ததும் நெஞ்சு அகலமாக வேண்டும், கை திரள வேண்டும் என்பார்கள். நான் முதல் மாதம் முழுக்க டெட்லிஃப்ட்தான் கொடுப்பேன். பகலெல்லாம் கம்பியும் மூட்டையும் தூக்குகிறவனுக்குச் சோறு போடுவது முதுகுதான். கால், தொடை, இடுப்பு, முதுகு, கைப்பிடி எல்லாவற்றையும் ஒரே அசைவில் கட்டிக்கொடுக்கும் பயிற்சி இது ஒன்றுதான். தப்பாகச் செய்தால் ஆளைப் படுக்க வைக்க ஒரே ஒரு தடவை போதும். இரண்டையும் நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆகாஷிடமும் சொன்னேன். அதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ராடின் இரண்டு முனையிலும் மாட்டுகிற இரும்பு வட்டுகள், அந்தப் பிளேட்டுகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஜிம் ஆரம்பித்தபோது கம்பெனி பிளேட்டு வாங்க வசதி இல்லை. இங்கே யாருக்கும் இருக்காது. தெரிந்த ஃபவுண்டரியில் சொல்லி, கழிவு இரும்பை உருக்கி இருபது பிளேட்டுகள் வார்த்து வாங்கினேன். ஒவ்வொன்றும் இருபது கிலோ என்று பேச்சு. பழைய இரும்புக் கடைத் தராசில் நான் மட்டும் போய் நிறுத்துப் பார்த்தேன். பத்து பிளேட்டு பதினேழு கிலோ, பத்து பிளேட்டு இருபத்து மூன்று. அச்சில் ஏதோ கோளாறு. பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. கூட்டினால் நானூறு சரியாகத்தான் வந்தது. பிள்ளைகளைக் கணக்குப் போடவைத்துக் குழப்புவானேன் என்று எல்லாவற்றிலும் இருபது என்று பெயின்ட்டில் எழுதினேன். லேசானவற்றின் பின்பக்கம் உளியால் ஒரு புள்ளி வைத்தேன். அது என் வசதிக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நான் இருநூற்று இருபது கிலோ தூக்கினேன். ராடு இருபது, பிளேட்டு பத்து. ஜிம்மே நின்று கைதட்டியது. சுவரில் என் பெயரும் அந்த எண்ணும் எழுதப்பட்டன. அன்று நான் எடுத்த பத்தும் புள்ளி வைத்த பத்தாக அமைந்துவிட்டன.

ஆகாஷ் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தான். கவரைப்பேட்டைப் பையன். ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை. ஒல்லியாக இருந்தான், ஆனால் இடுப்பு இருந்தது. அப்படி ஓர் இடுப்பை நான் பார்த்ததில்லை. மாவட்டம், மாநிலம் என்று மெடல் வாங்கி, விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வேக்குப் போய்விட வேண்டும் என்பது அவன் கனவு. கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. பத்து மாதத்தில், எட்டு பிளேட்டோடு பக்கத்துக்கு ஒரு பத்துக் கிலோ சின்ன பிளேட்டும் மாட்டி, இருநூறைத் தூக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அப்போது ஆயுத பூஜை வந்தது. இந்தப் பக்கத்தில் அதற்கு முன்னால் ஓர் இரும்பும் பெயின்ட் படாமல் தப்பாது, உங்களுக்கே தெரியும். நானும் அடித்தேன். புள்ளி வைத்த பத்துக்கும் சிவப்பு, மற்ற பத்துக்கும் கறுப்பு. எண் எல்லாவற்றுக்கும் அதே இருபது. சிவப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, இது மாஸ்டர் பிளேட்டு, சிஷ்யன் யாரும் தொடக்கூடாது என்றேன். பிள்ளைகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே ஒழிய, ஒருவனும் தூக்கிப் பார்க்கவில்லை. மரியாதை என்பது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சார்.

பூஜை முடிந்த மறுநாளே ஆகாஷுக்கு இருநூறு நகரவில்லை. நூற்று எண்பதுக்கே முக்கினான். மற்றவர்கள் இரண்டு, நான்கு பிளேட்டோடு நிற்கிறவர்கள், பண்டிகைச் சாப்பாட்டின் மந்தம் என்று விட்டுவிட்டார்கள். பாவமாகத்தான் இருந்தது. தூக்கம் போதவில்லை, கல்யாணக் கவலை, முட்டை பத்தாது என்று நானும் காரணங்கள் சொன்னேன். அந்த வருஷம் திருவள்ளூர்ப் போட்டிக்கு அவன் பெயரை நான் அனுப்பவில்லை. இருநூறே வராதவனை அனுப்பினால் ஜிம்முக்குத்தானே கேவலம்? அங்கே முதல் பரிசு வாங்கியவன் தூக்கியது இருநூற்று முப்பது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"மாஸ்டர், எனுக்கு இன்னாமோ ஆயிடுச்சி. போன மாசம் பூப்போல வந்த வெயிட்டு, இன்னிக்கி தரையோட ஒட்டிக்கினு கீது. பிளேட்டுல எதுனா மிஸ்டேக் இருக்குமா?"

சந்தேகம் வந்தால் தீர்த்துவைப்பது குருவின் கடமை. எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்று நானே சொன்னேன். மோகன்ராஜ் என்று இன்னொரு பையன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். அதில் இருபது பிளேட்டையும் ஏற்றிக்கொண்டு, கல்கத்தா ரோட்டில் லாரிகளை எடை போடும் மேடைக்குப் போனோம். இந்த ஊரில் எதை நிறுக்க வேண்டுமென்றாலும் முதலில் அதுதான் ஞாபகம் வரும். லாரி மேடையில் ஒவ்வொரு பிளேட்டாகவா வைப்பார்கள்? மொத்தமாக ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை. சீட்டில் நானூறு என்று வந்தது. ஆகாஷ் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் சீட்டை லேமினேட் செய்து கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அவன் விடவில்லை. தன்னிடம்தான் குறை என்று நம்பிவிட்டவன் எவ்வளவு உழைப்பான் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கல்யாணம் முடிந்து, ஒரு வருஷத்தில் கறுப்பு பிளேட்டுகளை வைத்தே இருநூறுக்குத் திரும்பி வந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் இருக்கும்போது, பத்துக் கறுப்பையும் ராடில் ஏற்றச் சொன்னான். சுவர் எண்ணைத் தொட்டுப் பார்க்கப் போகிறானாம்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த ராடில் இருந்தது இருநூற்று ஐம்பது. அது அந்த ஷெட்டில் எனக்கு மட்டுமே தெரியும்.

அவன் தூக்கினான், சார். முதுகு நேராக, மூச்சு அடக்கி, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினால் இறக்கிவிடுவான். அப்போது நான், முட்டி நேராகவில்லை, செல்லாது, இன்னொரு தடவை என்றேன். அவன் ராடை இறக்கிவிட்டு, கையில் பவுடர் தடவிக்கொண்டு மறுபடி குனிந்தான்.

களைத்த முதுகு எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும். முதலில் கீழ் இடுப்பு உருளும், பிறகு தோள் தொங்கும். அந்த இடத்தில் மாஸ்டர் சொல்ல வேண்டிய வார்த்தை 'விட்டுடு'. பதினோரு வருஷமாக நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு "விடாத" என்றேன். அவன் சொன்னபடி கேட்கிற பையன், விடவில்லை. உள்ளே ஏதோ தெறித்த சத்தம் எனக்கே கேட்டது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி நடப்பது கஷ்டம் என்றார்கள். யார் உங்களை டெட்லிஃப்ட் எல்லாம் செய்யச் சொன்னது, உயிரை வாங்குகிற பயிற்சி என்று அந்த டாக்டர் திட்டினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அரை மணி நேரம் அவரோடு வாதாடினேன். குற்றம் பயிற்சியில் இல்லவே இல்லை என்றேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

நாலு மாதமாகத் தினமும் அவன் வீட்டுக்குப் போகிறேன். புண் வராமல் புரட்டிப் போட்டு, காலை மடக்கி நீட்டிவிடுவேன். புரட்டும்போதுகூட என் முதுகை நேராக வைத்துக்கொண்டுதான் தூக்குவேன். அவன் பெண்டாட்டி கவிப்பிரியா என்னைத் தெய்வம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

அவள் பழவேற்காட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன் அம்மாவோடு மீன் விற்றவள். போன வாரம் அவனுடைய ஷூவையும் பெல்ட்டையும் எடுத்துப்போக ஜிம்முக்கு வந்தாள். அவை இருந்த பையை மறைத்துக்கொண்டு ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் கிடந்தன. நகர்த்தி வைப்பதற்காக இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கியவள் அப்படியே நின்றாள். கை மாற்றித் தூக்கிப் பார்த்தாள்.

"மாஸ்டர், ரெண்டுலயும் இருபதுன்னு எழுதிக்கீது. கறுப்பு மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ கனமா கீது?"

எழுத்துப் பிழையாக இருக்கும் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் கூடைய கையில தூக்குனா கால் கிலோ கம்மின்னாகூட சொல்லிடுவேன், மாஸ்டர். அவரு உங்கள நம்பிக்கினு இருந்தாரு."

இரண்டையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மீன் மார்க்கெட் தராசுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. தூக்கும்போது முதுகை வளைக்காதே என்று மட்டும் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், முதல் தடவை அவன் தூக்கியது உண்மையிலேயே செல்லாததா என்று. இல்லை. முட்டி நேராகத்தான் இருந்தது. அவ்வளவு சுத்தமான டெட்லிஃப்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தெரிந்தேதான் செல்லாது என்றேன், தெரிந்தேதான் விடாதே என்றேன். இதை நீங்கள் எந்தச் செக்ஷனில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். நீங்கள் எழுதிய குறிப்பில், பிளேட்டுக்குப் பதினேழாகக் கணக்குப் போட்டு, என் பெயருக்கு நேராக நூற்றுத் தொண்ணூறு என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், சார். நான் தூக்கியது இருநூற்று இருபது. சுவரில் எழுதியிருக்கிறது, ஜிம்மே பார்த்தது.