ஊர் சுற்றாத கார்

பழைய காரை வாரத்துக்கு ஒருமுறையாவது கிளப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும், ரப்பரெல்லாம் இறுகிப்போகும். மனிதர்களும் அப்படித்தான் போல. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன். ஓய்வு பெற்றதும் என் மனைவி மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போனாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அவள் இன்னும் திரும்பவில்லை. சண்டையெல்லாம் கிடையாது. போனில் "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பேன். அதோடு சரி.

அந்தக் காரை நான் முதலில் பார்த்தது பல் பிடுங்கப் போன அன்று. வாயில் பஞ்சோடு கிளினிக் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்கட்டு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. நீண்ட மூக்கு, தாழ்ந்த முதுகு, கம்பிச் சக்கரங்கள், அடர்ந்த பச்சை நிறம். இங்கிலாந்தில் தகட்டைக் கையால் தட்டித் தட்டிச் செய்த உடம்பு. களைப்புத் தெரியாமல் நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வகை, 'கிராண்ட் டூரிங்' என்பார்கள். பல் டாக்டர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கிட்ட போய்ப் பாருங்க சார், அது கடிக்காது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரு சிறு கூட்டம் சேரும். டாக்டரைத் தவிர எங்களில் யாரிடமும் அப்படிப்பட்ட கார் கிடையாது. ஆனாலும் அது எந்தப் பச்சை என்பதைப் பற்றி மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். மருந்துக்கடைக்காரர் அந்த விஷயத்தில் என்னோடு கொஞ்ச நாள் பேசாமல்கூட இருந்தார். டாக்டரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கு ஜுரம் வந்தப்போகூட இவர் இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்க்கல" என்று சிரிப்பார்.

அந்தக் காருக்கு ஒரு குறைதான் இருந்தது. அதன் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. டாக்டர் அதை ஏலத்தில் எடுத்தவர். முதலில் வாங்கியவர் துறைமுகத்தில் பெரிய அதிகாரி என்பது மட்டும் தெரிந்திருந்தது. நான் பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்தேன். கிடைக்காததை யோசித்துக் கண்டுபிடித்தேன். கல்யாணமான கையோடு அவர் தன் மனைவியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். மலைகளைத் தாண்டிப் பனி விழும் ஊர்வரை ஓட்டிப் போனார். திரும்பும் வழியில் குறுகலான வளைவொன்றில் பாறை உரசியது. அந்தத் தழும்பு இடதுபக்கக் கதவில் இன்னும் இருக்கிறது.

அந்தப் பயணத்துக்கு ஒரு வரைபடமும் வரைந்தேன். டாக்டர் அதைக் கண்ணாடி போட்டு ஷெட் சுவரில் மாட்டினார். யார் புதிதாக வந்தாலும், "சரித்திரம் சார், நீங்க சொல்லுங்க" என்பார்கள். அதுவே என் பெயராகிவிட்டது. நான் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

பொய் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆறு எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாவிட்டால் புள்ளிக்கோடு போடுவோம். நான் அந்தப் புள்ளிகளைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

அந்த அம்மாள் வந்தது ஒரு வாரநாளில். டாக்டர் என்னிடம் சாவி கொடுத்திருந்தார், நான் எஞ்சினைக் கிளப்பிவிட்டு நின்றிருந்தேன். கிளினிக்குக்குப் பல்செட் சரிசெய்ய வந்தவர், சத்தம் கேட்டுப் பின்கட்டுக்கு வந்துவிட்டார். என்னைவிடச் சில வயது சிறியவர். நேராகப் போய் இடதுபக்கக் கதவின் தழும்பைத் தடவினார்.

"இது என் சைக்கிள் இடிச்சது, அண்ணே. அப்பா ஒரு வாரம் எங்கிட்ட பேசல."

முதல் உரிமையாளரின் மகள் அவர்.

"இதை அவர் எங்கேயும் ஓட்டிட்டுப் போனதே இல்ல. சாயங்காலமானா ஷெட் கதவைத் திறந்து வெச்சுட்டு, எஞ்சினை ஓட விட்டு, சும்மா உள்ளே உக்காந்திருப்பார். அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சே கிடையாது. நான் போய் பின்சீட்ல உக்காந்துப்பேன். அங்கே மட்டும்தான் என்னைத் திட்டமாட்டார்."

பிறகு சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அதன் கீழே நான் எழுதியிருந்த பயணக் கதையைப் படித்தார்.

"நீங்க வரைஞ்சதா? நல்லாயிருக்கு. அம்மாவை இப்படி ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருந்தா அவங்களும் சிரிச்சிருப்பாங்க. நீங்க இதையே சொல்லுங்க அண்ணே. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன்."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப்பின் எல்லா ஞாயிறும் வந்தார். நான் பாறை உரசிய இடத்துக்கு வரும்போது தலையைக் குனிந்துகொள்வார். அப்பாவின் நினைவில் கலங்குகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குச் சங்கடம் வரக்கூடாதே என்றுதான் அவர் குனிந்தார். இரக்கப்படுகிற ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியாது.

மருந்துக்கடைக்காரர் ஒருநாள் அவருக்குக் காரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, "அம்மா, உங்க ஞாபகத்துல இருக்கிறதைச் சொல்லுங்களேன்" என்றார். அவர், "எனக்கெல்லாம் மறந்துபோச்சு. சரித்திரம் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேலி எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தச் சிரிப்பு என் வீடுவரை கூடவே வந்தது.

அவரும் தனியாகத்தான் இருந்தார். எனக்கு உடம்பு முடியாமல் போனபோது சூப் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். சமையலறையில் ஒரே தட்டு, ஒரே டம்ளர் இருப்பதைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கழுவி வைத்துவிட்டுப் போனார். இப்படி ஒரு துணை கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் இப்போது தோன்றுகிறது. ஆனால் அவர் இருக்குமிடத்தில் நான் சரித்திரம் இல்லை. அந்த ஒற்றைத் தட்டின் சொந்தக்காரன், அவ்வளவே.

அன்றைக்கு மழை. டாக்டர் ஊரில் இல்லை, கிளினிக் மூடியிருந்தது. நான் காரைக் கிளப்பப் போகிறேன் என்று தெரிந்து அவரும் வந்தார்.

"ஒரே ஒரு தடவை பின்சீட்ல உக்காந்துக்கட்டுமா அண்ணே?"

முன்சீட்டை மடக்கி, கைகொடுத்து ஏற்றினேன். பின்சீட்டில் ஒரு துண்டை விரித்திருந்தேன். எஞ்சினைக் கிளப்பியதும் கண்ணை மூடிக்கொண்டார். "இதே சத்தம்தான்" என்றார். உள்ளே சாரல் அடித்தது.

"ஷட்டரை இறக்கிவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"சரிண்ணே" என்றார்.

நான் வெளியே வந்து இறக்கினேன். கொக்கியையும் மாட்டினேன்.

தொண்டைக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தேன், சாரலுக்காக அவரே ஷட்டரை இறக்கியிருக்கிறார், அது மாட்டிக்கொண்டுவிட்டது, எஞ்சின் புகையில் மூச்சு முட்டிப் போய்விட்டார் என்று உங்கள் ஆட்களிடம் அப்போது சொன்னேன். அந்த ஷட்டர் அடிக்கடி மாட்டிக்கொள்ளும், எல்லோருக்கும் தெரியும். அன்று கடையில் நல்ல கூட்டம், நான் வரவில்லை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அதற்குமுன் அவர்கள் வந்ததில்லை. நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். "உங்க மேல தப்பே இல்ல சார்" என்று மாறி மாறிச் சொன்னார்கள். நல்ல மாலைப்பொழுது அது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. டாக்டரால் அந்தக் காரைப் பார்க்க முடியவில்லை. விற்றுவிட்டார். கப்பலில் எங்கேயோ போய்விட்டது. வரைபடத்தைச் செய்தித்தாளில் சுற்றி என் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் இப்போது மருந்தைக் கொடுத்ததும் அடுத்த ஆளைப் பார்க்கிறார்.

இன்று நானாகத்தான் வந்தேன். வாசலில் இருந்த உங்கள் ஏட்டு, "அது முடிஞ்சுபோன கேஸ் சார், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அந்தக் காரின் வரலாறு கெட்டுவிடக்கூடாதே என்றுதான் இதையெல்லாம் செய்தேன். வேறு காரணம் இல்லை.

அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்கள். ஷட்டருக்கு வெளியேதான், கூரைத் தகட்டுக்கு அடியில் நனையாமல் நின்றிருந்தேன். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து தட்டினார். பின்சீட்டிலிருந்து தனியாக இறங்கிவர மிகவும் சிரமப்பட்டிருப்பார். எஞ்சினை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தை நிறுத்த மனம் வந்திருக்காது.

"அண்ணே, ஷட்டர் மாட்டிக்கிச்சு போல" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நான் ஷட்டரைத் தூக்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "மெதுவா தூக்குங்க. கையை நசுக்கிக்காதீங்க" என்றார். குரல் அப்போதே தளர்ந்திருந்தது. அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

கடைசிவரை அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.